புல்வெளியில் ஒரு ராசிபுரத்துக்காரர்

நாமக்கல்லில் கோழிப்பண்ணை நடத்தும் நண்பர் இலங்கை போய்வந்து ஒரு படம் காட்டினார். நுவரெலியா கோல்ஃப் மைதானத்தில், வாடகை மட்டையோடு, இடுப்பை ஒடித்து நிற்கிறார். முதல் அடியில் பந்து அசையவே இல்லையாம். புல்தான் பெயர்ந்து பறந்ததாம். தீவுக்குப் போய்க் கடலில் கால் நனைக்காமல் இது எதற்கு என்று கேட்க மாட்டேன். விடிந்தால் முட்டை விலையில் கண் விழிக்கிறவர், நாலு நாள் ஆடட்டுமே. கொழும்பிலும் ஆடலாம். 1879இல் தொடங்கிய ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் நடுவே களனிவெளி ரயில் ஓடுகிறது. ரயில் வந்தால் எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரரும் மட்டையைத் தாழ்த்த வேண்டியதுதான்.

எனக்கு உறுத்தியது வேறு. நுவரெலியாவில் மட்டைப் பை தூக்கி வந்த பெரியவர், “ஐயா எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டு, “எங்க பாட்டி பூர்வீகம் ராசிபுரம் பக்கம்” என்றாராம். ஆச்சரியமில்லை. 1876–78 பஞ்சத்தில் காய்ந்த இந்தச் சேலம் சமவெளியிலிருந்தும், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளின் பின்னால் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். மன்னாரில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழி நடை. வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்களின் வம்சாவளியினர் பலர் இன்னும் தோட்டத் தொழிலாளர்களின் லயன் அறைகளில் இருக்கிறார்கள்.

சுற்றுலா நிறுவனத்தார் தந்த அட்டவணையில் தேயிலைத் தொழிற்சாலை உண்டு, ரத்தினக்கல் கடை உண்டு. லயன் இல்லை. பதினெட்டுக் குழியில் ஒன்பதோடு நிறுத்திவிட்டு அந்தப் பெரியவர் வீட்டில் ஒரு டீ குடித்திருக்கலாமே என்றேன். “கூப்பிட்டாருப்பா, வண்டி காத்திருந்துச்சு” என்றார்.