பிரட்டுக்களத்துக் கடிகாரம்

பழைய கைக்கடிகாரங்களைச் சேகரிக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று அண்மையில் இளம் நண்பர் ஒருவர் கேட்டார். "தம்பி, முதலில் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து பாருங்கள்" என்றேன்.

தோட்டத்தில் நேரம் தொழிலாளிக்குச் சொந்தமானதாக இருந்ததில்லை. தப்புச் சத்தம் கேட்டு எழுந்து, பிரட்டுக்குப் பிந்தினால் பெயர் கிடைக்காமல் லயத்துக்குத் திரும்பியவர்களை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். பிந்தினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொன்னது கணக்கப்பிள்ளையின் மணிக்கட்டு. அந்தக் கணக்கப்பிள்ளை என் தந்தை. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தமிழகம் சென்ற சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த எச்.எம்.டி. ஜனதாவைத்தான் அவர் கட்டியிருந்தார். சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய அத்தொழிலை மூட இந்திய அரசு 2016இல் முடிவெடுத்தது.  பழைய ஜனதா இன்னும் மலிவுதான்.

நம்மவர் வீடுகளில் அதிகம் கிடைப்பது சீகோ 5. 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர் வந்தவையும், மத்திய கிழக்கில் உழைத்தவர்கள் கொண்டுவந்தவையும் அவற்றில் உண்டு. பின்மூடியிலுள்ள தொடர் எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். எந்தப் பத்தாண்டு என்பதை இயந்திர எண்ணைக் கொண்டு ஊகிக்கலாம். 7009 என்றிருந்தால் பெரும்பாலும் எழுபதுகளின் பிற்பகுதி அல்லது எண்பதுகள்.

முகப்பு பளபளவென்று இருந்தால் சந்தேகியுங்கள். பழைய முகப்புக்குப் புதுவர்ணம் பூசி, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாக்கி விற்பது இந்தியாவில் பெருந்தொழில். நானும் அப்படியொரு 'சுவிஸ்' கடிகாரத்துக்கு ஏமாந்தவன்தான். மங்கிய முகப்பே மேல். இருளில் ஒளிர்வதற்கு ரேடியம் பூசிய மிகப் பழையவற்றை நீங்களாகத் திறக்கவே வேண்டாம்.

நுவரெலியாப் பனிமூட்டமும் இக்கடிகாரங்களுக்குப் பகை. ஈரம் புகுந்தால் உள்ளே துரு. காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் பற்சக்கரங்கள் தேயும். வாங்கும் விலையோடு துப்புரவுச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். இலாபம் கருதி இதில் இறங்காதீர்கள். அதற்கு வேறு வழிகள் உண்டு.

ஹட்டனில் எனக்குத் தெரிந்த கடிகாரம் திருத்துபவருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பழகுவதற்கு ஒரு பையனும் வரவில்லை. சேகரிக்க விரும்புகிறவர்கள் அவரிடம் வேலை கொடுப்பதே முதற்கடமை என்பேன்.

நேற்று அந்த நண்பர் தொலைபேசியில் பேசினார். பாட்டனாரின் சீகோ கிடைத்துவிட்டதாம். திருகு மட்டும் இல்லையாம். ஞாயிறு காலை ஹட்டனுக்கு வரச்சொல்லியிருக்கிறேன்.