வயலில் விளைந்த சாவி



குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்புகிறோம். பால்காரரிடம் சொல்லியாச்சு, கேஸ் மூடியாச்சு. வாசலில் செருப்பு மாட்டும்போது யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: "சாவி எடுத்தாச்சா?"

இந்தச் 'சாவி' கப்பலேறி வந்த சொல் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

1498-இல் போர்ச்சுகீசியர் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள். வியாபாரம் வளர வளர, அவர்கள் வீட்டுச் சாமான்களின் பெயர்களும் நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் அப்படி வந்தவைதான். அவர்களுடைய 'ஷாவே' தமிழில் சாவி ஆனது, இந்தியில் சாபி ஆனது. ஸ்பானர், ஸ்க்ரூடிரைவருக்குக்கூட அவர்கள் அதே சொல்லோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நாமும் அதைப் பூட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தோம். ஒருவர் திடீரென்று சண்டைக்கு வந்தால், "யாரோ சாவி கொடுத்து அனுப்பியிருக்காங்க" என்கிறோம். மாமியார் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து மருமகள் கைக்கு வந்தால், வீட்டுப் பொறுப்பே கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

பத்திரிகை உலகத்திலும் ஒரு சாவி உண்டு. 'வாஷிங்டனில் திருமணம்' எழுதிய சா.விஸ்வநாதன் தன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தே 'சாவி' ஆனார். அந்தப் பெயரில் பத்திரிகையும் நடத்தினார்.

சரி, கப்பலில் சாவி வருவதற்கு முன்னால் நமக்குச் சொல்லே இல்லையா? இருந்ததே! தமிழ் பைபிளில் இன்றைக்கும் 'திறவுகோல்'தான். யாழ்ப்பாணத்து வீடுகளில் 'திறப்பு' என்கிறார்கள். மலையாளத்தில் தாழும் கோலும் சேர்ந்து 'தாக்கோல்' ஆகிவிட்டது.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்னொரு சாவியைப் பற்றி. அது கப்பலில் வந்ததல்ல, நம் வயலில் பிறந்தது.

நெற்கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால் மணி திரளாது. வரப்பில் நின்று பார்த்தால் வயல் நிறையக் கதிர்தான். ஒரு நெல்லை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்கினால் உமி மட்டும் ஒட்டும், உள்ளே அரிசி இருக்காது. "எல்லாம் சாவியாப் போச்சு" என்பார் விவசாயி. களத்தில் தூற்றும்போது முற்றிய நெல் நேராகக் கீழே விழும். சாவி காற்றோடு தள்ளிப்போய் விழும். அப்படித் தள்ளி விழுந்த குவியல் பெரிதாக இருந்தால், அந்த வருஷம் பள்ளிக்கூடக் கட்டணமும் நகைக்கடனும் என்னாகும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வேற்றுமொழிச் சொல் என்பதற்காகப் பூட்டுச் சாவியை விட்டுவிடச் சொல்லவில்லை. இத்தனை நூறு வருஷம் நம் வாயில் புழங்கியபின் அது நம்முடையதுதான். அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. கதவு இருக்கும்வரை அது பிழைத்துக்கொள்ளும்.

வயல் சாவிக்கு அந்த உத்தரவாதம் இல்லையே! அரிசியைப் பையாக வாங்குகிற வீட்டில் அதை யார் சொல்லப்போகிறார்கள்? 'தண்ணீரின்றிப் பயிர் சாவியானது' என்று பேப்பரில் படிக்கும் ஒரு பிள்ளைக்குப் பூட்டும் கதவும்தானே நினைவுக்கு வரும்? செய்தியில் இருக்கிற அந்தக் குடும்பத்தின் இழப்பு எப்படிப் புரியும்?

இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். வீட்டில் விவசாயம் பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து "சாவின்னா என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். சில ஊர்களில் இதையே 'சாவட்டை' என்கிறார்கள். உங்கள் ஊரில் என்ன பெயர்? எந்த ஊர், எந்தப் பயிர் என்பதோடு ஒரு தபால் அட்டையில் எழுதி அனுப்புங்கள். வருகிற கடிதங்களை இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்