ஏரியை அளக்க ஆள் எங்கே?

மைசூரு நகரின் வடமேற்கில் இருக்கிறது ஹெப்பாள். ஒரு பக்கம் இன்ஃபோசிஸின் பயிற்சி வளாகம், இன்னொரு பக்கம் தொழிற்பேட்டை, அருகே ஹெப்பாள் ஏரி. கழிவுநீர் சேர்ந்து நாறிக் கிடந்த அந்த ஏரியை இன்ஃபோசிஸ் அறக்கட்டளை நூறு கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுச் சீரமைத்தது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அமைத்தது. கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மைசூரு வட்டார அலுவலகம் இதே தொழிற்பேட்டைப் பகுதியில்தான் இயங்குகிறது. அதே நகரின் மானசகங்கோத்ரி வளாகத்தில், 1916இல் தொடங்கிய மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் துறை இருக்கிறது. மாசு, அதைத் துடைக்கும் பணம், தடுக்க வேண்டிய சட்டம், கற்றுத்தரும் வகுப்பறை ஆகிய நான்கும் ஒரே ஊரில்.

நமக்கென்ன மைசூரு என்று இருந்துவிட முடியாது. நகரின் வடபகுதி வடிகால்கள் காவிரியை நோக்கி ஓடுகின்றன. கர்நாடகத்திலிருந்து கழிவு கலந்து வருவதாகக் கூறித் தமிழ்நாடு 2015இல் உச்ச நீதிமன்றம் சென்றதும் இந்த ஆற்றுக்காகத்தான்.

இந்த மாசை அளக்கவும் தடுக்கவும் அதைப் படித்தவர்கள் வேண்டும். ஆனால், பிளஸ் டூ முடித்த பிள்ளை, “சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப் போகிறேன்” என்றால் வீட்டில் உடனே வரும் கேள்வி, “படித்தால் வேலை கிடைக்குமா?” என்பது. நியாயமான கேள்விதான். ஆனால், அதை மாணவரிடம் மட்டுமே கேட்கிறோம். படித்தவருக்கு ஏன் இடம் ஒதுக்கவில்லை என்று அரசிடம் யாரும் கேட்பதில்லை.

மதியம் ஒரு கணக்கு, விடியலில் ஒரு கணக்கு

இந்தப் படிப்பை மரம் நடுதல், பிளாஸ்டிக் ஒழிப்பு என்று நினைப்பவர்கள் ஏராளம். உண்மையில் இது அளவீட்டுப் படிப்பு. ஏரி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். காற்றுக் குமிழி புகாமல் கண்ணாடிப் புட்டியில் நீரைப் பிடித்து, கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிற வீழ்படிவு இறங்கும். இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். ‘ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், வழியிலேயே அளவு மாறிவிடும்.

எந்த நேரத்தில் நீரை எடுக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். கழிவுநீரின் சத்தில் செழித்த பாசி, பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடும். இரவில் சுவாசித்து அதையே தீர்க்கும். மதியம் மூன்று மணிக்கு எடுத்த நீரைப் பார்த்தால் ஏரி ஆரோக்கியமாகத் தெரியும். அதே ஏரியில் விடியற்காலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து மிதக்கும். மீன் வளர்ப்புக்கும் வனவிலங்குகளுக்கும் உகந்த நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மதிய அளவீட்டை மட்டும் காட்டி அந்தத் தேர்வில் ஓர் ஏரியைத் தேற்றிவிடலாம். அதைப் பார்த்து, “எத்தனை மணிக்கு எடுத்த நீர் இது?” என்று கேட்கத் தெரிந்தவரே சுற்றுச்சூழல் அறிவியல் படித்தவர். நூறு கோடி செலவிட்ட ஏரிக்கும் அப்படிக் கேட்கும் ஆள் ஆண்டு முழுவதும் தேவை.

எல்லோருக்கும் பாடம், யாருக்கும் பதவியில்லை

எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1991இல் உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு, எல்லா இளநிலைப் பட்டங்களுக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால், பல கல்லூரிகளில் நேரம் கிடைக்கும் எந்தத் துறை ஆசிரியரும் அதை நடத்தலாம் என்றாகிவிட்டது. எல்லோருக்குமான பாடம் என்று ஆனதும், அதையே முதன்மைப் பாடமாகப் படித்தவருக்குத் தனி மதிப்பு இல்லாமல் போனது.

இந்திய வனப் பணித் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியல், விலங்கியல், வேதியியல், நிலவியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றைப் பட்டப்படிப்பில் படித்திருக்க வேண்டும். அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். இந்தப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் இல்லை. காட்டைக் காக்கும் பணிக்குக் கணிதம் படித்தவர் விண்ணப்பிக்கலாம். சுற்றுச்சூழல் மட்டும் படித்தவர் விண்ணப்பிக்க முடியாது.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் கதை வேறு. நாடு முழுவதும் மாநில வாரியங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் ஏறக்குறைய பாதி காலி என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்பட்ட விவரம். படித்தவர் வேலை தேடுகிறார். வேலை ஆளில்லாமல் கிடக்கிறது. இதன் விலை பாலாற்றுக் கரையில் தெரியும். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக அறிவித்ததும் அந்தத் தீர்ப்புதான். அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. தீர்ப்புக்குப் பிறகு ஆற்றங்கரையில் நின்று தொடர்ந்து அளக்கவும், அளந்ததை வைத்து நடவடிக்கை எடுக்கவும் போதிய ஆட்கள் இல்லையென்றால் தீர்ப்பு காகிதத்திலேயே தங்கிவிடும்.

தேர்வு செய்யும் முன்

இதையெல்லாம் சொல்லி மாணவர்களைத் திருப்பி அனுப்புவது என் நோக்கமில்லை. தனியார் துறையில் வாசல் திறந்திருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், நீர், எரிசக்தி, கழிவு பற்றிய கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதை 2022-23 முதல் செபி கட்டாயமாக்கியது. அந்தக் கணக்கைத் தயாரிக்க ஆள் வேண்டும். 2006 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும். ஆனால், அந்த அறிக்கைக்குச் சம்பளம் தருபவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே. எண்ணைக் கொஞ்சம் ‘சரிசெய்ய’ச் சொல்லும் நெருக்கடி வரக்கூடும் என்று தெரிந்துகொண்டே இத்துறைக்கு வர வேண்டும்.

சேர விரும்புபவர்கள் இளநிலையில் வேதியியல், தாவரவியல், விலங்கியல் என ஏதேனும் ஓர் அடிப்படை அறிவியலைச் சேர்த்தே படியுங்கள். முதுநிலையில் சுற்றுச்சூழலை எடுத்துக்கொள்ளலாம். புள்ளியியலையும் ஜிஐஎஸ் வரைபடக் கலையையும் விட்டுவிடாதீர்கள். கல்லூரியில் சேரும் முன், களப்பணி எத்தனை நாள், ஆய்வகக் கருவிகளை மாணவர்களே இயக்குகிறார்களா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.

மாவட்டந்தோறும் இளைஞர்களை அமர்த்திய தமிழ்நாட்டின் முதலமைச்சர் பசுமைப் புத்தாய்வுத் திட்டம் நல்ல தொடக்கம். ஆனால் அது குறிப்பிட்ட காலத்துக்கான பணி. அரசுகள் செய்ய வேண்டியவை மூன்று: வாரியங்களின் காலியிடங்களை நிரப்ப வேண்டும், வனப் பணித் தகுதிப் பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியலைச் சேர்க்க வேண்டும், கல்லூரிகளில் அந்தக் கட்டாயப் பாடத்தை நடத்த அதைப் படித்தவரையே நியமிக்க வேண்டும். இவை நடக்காதவரை, இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவரிடம் எதிர்காலம் பற்றிக் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு இல்லை.