மாக்கல் சமையலுக்கு ஆகும், மழலைக்கு ஆகாது!

கல் என்றாலே கடினம் என்றுதானே நினைப்போம்? நகத்தால் கீறினாலே பொடி உதிர்கிற கல் ஒன்று உண்டு. அதுதான் மாக்கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் வைரத்துக்கு 10 என்றால், மாக்கல்லில் உள்ள டால்க் என்ற தாதுவுக்கு வெறும் 1! அதன் மெல்லிய ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் தொட்டால் சோப்புப் போல வழவழக்கிறது.

இதைக் குடைந்து செய்ததுதான் பாட்டி காலத்துக் கல்சட்டி. புளி பட்டாலும் குணம் மாறாது. அடுப்பை அணைத்த பிறகும் வத்தக்குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். புதுச்சட்டியை நேரே தீயில் வைத்துவிடாதீர்கள், விரிசல் விடும். ஒரு வாரம் தினமும் சூடான வடிகஞ்சியை ஊற்றி வைத்துக் கொட்டுங்கள். பிறகு விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, ஒரு நாள் ஊறவிட்டுக் கழுவி, சிறு தீயில் பழக்குங்கள்.

இதே தாதுவை மாவாக்கி மணம் சேர்த்தால் முகப்பவுடர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். திண்டுக்கல்லில் வெயில் ஏறிவிட்டால் இளம் தாய்மார் கை பவுடர் டப்பாவைத் தேடும். நிலக்கோட்டையிலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கூட, "பெரியம்மா, புள்ள கழுத்தெல்லாம் வேர்க்குரு. பவுடரை நெறையத் தட்டவா?" என்று கேட்டாள். "வேண்டாம் தாயி" என்றேன்.

காரணம் இதுதான். நுண்ணிய பவுடர் மூச்சோடு போனால் பச்சிளம் நுரையீரலில் படியும். இருமல், மூச்சுத் திணறல் வரும். மேலும், பூமிக்கடியில் டால்க்கோடு சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கும். அது புற்றுநோய் தருவது. 2024-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டால்க்கையே 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற வரிசையில் சேர்த்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023-ல் உலகெங்கும் டால்க் பேபி பவுடரை நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. சோளமாவானாலும் மூச்சில் போனால் தொல்லைதான்.

வேர்க்குருவுக்குப் பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, கழுத்து மடிப்பை ஈரமில்லாமல் துடைத்து, மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். காற்றாடட்டும். குழந்தை டப்பாவைக் கவிழ்த்து இருமினால், தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

இன்னொன்று. மசக்கையில் பலப்பம் தின்ன ஆசை வருகிறதா? கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான் அப்படிக் கேட்க வைக்கிறது.