எளாவூர் ரயிலுக்கு எந்த ஹெட்போன்?

"டேய், இன்னுமா அந்த இடி பேஸ் இயர்போனை வச்சிருக்க? காதா அது, டப்பாவா?"

போன வருஷம் ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் கேட்ட கேள்வி. நான் எளாவூர்க்காரன், டே ஸ்காலர். காலையில ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ரயில்ல போகுது. அந்த மூணு மணி நேரத்துக்கும் எனக்குத் துணை, ஐநூறு ரூபாய்க்குள் வாங்கிய ஒரு இயர்போன். அதைத்தான் அவன் டப்பாங்குறான்.

சுருக்குன்னு பட்டுச்சு. மூணு மாசம் டீ, பஜ்ஜி காசை மிச்சம் பிடிச்சு, ரிச்சி ஸ்ட்ரீட் போய், "டீட்டெயில் பிச்சு உதறும்" என்று யூடியூப்ல எல்லாரும் கொண்டாடிய ஒரு ஐஇஎம் வாங்கிட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்டுல கேட்டப்போ அசந்துட்டேன், பொய் சொல்லல. பாடகர் மூச்சு இழுக்கிறது கேக்குது. கிட்டார் கம்பியில விரல் வழுக்குற சத்தம் கேக்குது. நூறு தடவை கேட்ட பாட்டுல இதெல்லாம் இருந்துச்சான்னு ஆச்சரியமா இருந்துச்சு.

மறுநாள் காலையில ரயில்ல ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே போட்டேன். பாட்டு செத்துப்போச்சு. அடி இல்ல, கனம் இல்ல. சரி, வால்யூமை ஏத்துவோம்னு ஏத்தினா, 'ஸ', 'ச' வர்ற இடமெல்லாம் ஊசி மாதிரி குத்துது. கும்மிடிப்பூண்டி தாண்டுறதுக்குள்ள கழட்டிப் பையில வச்சுட்டேன். இதை யார்கிட்டயும் சொல்லல. சொன்னா ரசனை கெட்டவன்னு முத்திரை குத்திடுவாங்களேன்னு ஒரு பயம்.

இப்போ சொல்றேன். காசு ஒரு ஹெட்போனுக்குத்தான் இருக்குன்னா, கேக்க சந்தோஷமா இருக்கறதை வாங்குங்க. டீட்டெயிலுக்காக வாங்காதீங்க. நம்ம படிப்புக்கு ஏத்த மாதிரி காரணத்தோட சொல்றேன்.

முதல் காரணம், நாம கேக்குற இடம். ரயில் இரைச்சல்ல பெரும்பங்கு தாழ்ந்த அதிர்வெண். அது பாட்டுல இருக்கற பேஸை மூடிடும். இசிஇ மக்களுக்குத் தெரியும், இதுக்குப் பேரு மாஸ்கிங். போதாததுக்கு, 1933லேயே பெல் லேப்ஸ்ல ஃபிளெட்சர், மன்சன் ரெண்டு பேரும் அளந்து காட்டினாங்க: சத்தம் குறைவா இருக்கும்போது நம்ம காதுக்கு பேஸ் இன்னும் குறைவாத்தான் கேக்கும். ஆக, வீட்டுல அளவா இருக்கற பேஸ், ரயில்ல காணாமப் போறது காதோட குத்தம் இல்ல, ரசனையோட குத்தமும் இல்ல. அந்த ஐநூறு ரூபா இயர்போன்ல கூட்டி வச்ச பேஸ், ரயில் தின்னது போக மிச்சமா எனக்கு வந்துட்டு இருந்துச்சு.

ரெண்டாவது, டீட்டெயில்ங்கறது வேலைக்கான கருவி. யமஹா 1978ல என்எஸ்-10னு ஒரு ஸ்பீக்கரை வீட்டுல பாட்டு கேக்கறவங்களுக்காகக் கொண்டுவந்தாங்க. வீட்டுக்காரங்களுக்குப் பிடிக்கல. ஆனா உலகம் முழுக்க ஸ்டுடியோக்காரங்க அதைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. ஏன்? மிக்ஸிங்ல இருக்கற தப்பை எல்லாம் அது மறைக்காம காட்டிக்கொடுத்துடும். அதுல கேட்டுச் சரிசெஞ்ச பாட்டு வேற எங்கேயும் ஓரளவு நல்லாவே கேக்கும்கிற நம்பிக்கை. தப்பு கண்டுபிடிக்கிறது அவங்க சம்பளம். நீங்க குறும்படத்துக்கு டப்பிங் எடிட் பண்றீங்களா, கல்ச்சுரல்ஸுக்கு டிராக் மிக்ஸ் பண்றீங்களா, அப்போ டீட்டெயில் செட் கட்டாயம் வேணும். செமஸ்டர் முடிஞ்ச களைப்புல ஜன்னலோரம் கண்ணை மூடிப் பாட்டு கேக்கறவனுக்கு அது எதுக்கு?

மூணாவது, "டீட்டெயில்"னு விக்கிற பலதும் டீட்டெயிலே இல்ல. 5,000, 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் தூக்கி விட்டா எல்லாமே பளிச்சுன்னு கேக்கும். கடையில ரெண்டு நிமிஷம் கேக்கும்போது "அடேங்கப்பா"ன்னு இருக்கும். ஒரு மணி நேரத்துல காது களைச்சிடும். விலையைப் பார்த்தும் ஏமாறாதீங்க. 2017ல ஒரு ஆராய்ச்சியில 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தாங்க. விலைக்கும் ஒலி வெளிப்படுற விதத்துக்கும் தொடர்பே இல்லைன்னு வந்துச்சு. ஜேபிஎல் பிராண்டை வச்சிருக்கற ஹார்மன் நிறுவனத்துல ஷான் ஆலிவ் குழு, எது எந்த ஹெட்போன்னு தெரியாம கேக்க வச்சுப் பல வருஷம் சோதிச்சாங்க. பயிற்சி பெற்ற காதும் சாதாரணக் காதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தேர்ந்தெடுத்துச்சு: நல்ல ஸ்பீக்கரை நல்ல அறையில கேக்கற மாதிரியான ஒலி, அதுல அளவா தூக்கின பேஸ். அதனால பேஸ் பிடிக்கும்னு சொல்றதுக்கு யாரும் கூச்சப்பட வேண்டியதில்ல.

"அளவா"ங்கற வார்த்தையை மட்டும் அடிக்கோடு போட்டுக்கங்க. 1980ல வந்த 'மூடுபனி' படத்துல ஜேசுதாஸ் பாடின கிட்டார் பாட்டைப் போட்டுப் பாருங்க. இளையராஜா அதுல பேஸ் கிட்டாருக்குத் தனியா ஒரு மெட்டே கொடுத்திருப்பார். குரலுக்குக் கீழே அது தன் பாட்டுக்கு நடந்துட்டே இருக்கும். இடி பேஸ் இயர்போன்ல அந்த நடை எல்லாம் ஒண்ணாக் குழைஞ்சு வெறும் "தும் தும்"னு ஆயிடும். பேஸ் அதிகமா இருந்து பேஸ் கிட்டார் கேக்கலைன்னா அதுவும் வீண்தான். அந்த வகையில நண்பன் சொன்னதுல பாதி நியாயம் உண்டு.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கப்பா இருபது வருஷத்துக்கு மேல கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு ரோலிங் மில்லுல வேலை. வீட்டுல டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். "சட்டை"ன்னா "கட்டை"யான்னு திருப்பிக் கேப்பார். நாங்க சிரிப்போம். போன பொங்கல் லீவுல காது டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். வந்த கிராஃப்ல கோடு நேரா வந்து, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல பள்ளம் மாதிரி இறங்குது. இரைச்சல் முதல்ல அரிக்கிற இடம் அதுதான்னு டாக்டர் சொன்னாங்க. போனது திரும்பி வராதாம்.

அந்த கிராஃபைப் பார்த்துக்கிட்டே யோசிச்சேன். மூச்சுக் காத்து, விரல் வழுக்கல், 'ச'வுக்கும் 'க'வுக்கும் இருக்கற வித்தியாசம், நான் மூணு மாசம் காசு சேர்த்து வாங்கின டீட்டெயில்ல பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கு. நான் ரயில்ல வால்யூமை ஏத்தி ஏத்தி அந்த இடத்தைத்தான் அடிச்சுட்டு இருந்தேன்.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு இது: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 டெசிபல்னா 4 மணி நேரம்தான். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பயணம் பண்ற என்னை மாதிரி ஆளுக்கு, செவ்வாய்க்கிழமை காலையிலயே அந்த வாரத்துக் கோட்டா காலி.

அதனால டீட்டெயிலா, சந்தோஷமான்னு கேக்கறதுக்கு முன்னாடி, வெளிச்சத்தத்தை அடைக்குதான்னு கேளுங்க. காதுல சரியா உட்கார்ற அளவு ரப்பரைப் போட்டுப் பாருங்க. ஃபோம் டிப் கிடைச்சா இன்னும் நல்லது. இடைவெளி இருந்தா பேஸ் அப்படியே வெளியே ஓடிடும், நீங்க வால்யூமைத் தூக்குவீங்க. பழைய செட்டையே இப்படிச் சரிபண்ணி, ஈக்வலைசர்ல பேஸை ரெண்டு மூணு டெசிபல் மாத்திப் பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. போகும்போது உங்க அஞ்சு பாட்டை எடுத்துட்டுப் போங்க. ரெண்டு செட்டுக்கும் ஒரே அளவு சத்தம் வச்சுக் கேளுங்க. சத்தமா இருக்கறது எப்பவும் நல்லா இருக்கற மாதிரியே தோணும். முடிஞ்சா நண்பனோடதை ஒரு நாள் கடன் வாங்கி, நீங்க நிஜமா பாட்டு கேக்கற இடத்துல கேட்டுப் பாருங்க. எளாவூர்ல தண்டவாளம் தாண்டும்போது மட்டும் ரெண்டு காதுலயும் எதுவும் வேண்டாம், ப்ளீஸ்.

என் டீட்டெயில் ஐஇஎம்மை நான் வித்துடல. ஹைவேயில லாரிச் சத்தம் கொஞ்சம் அடங்கற நடுராத்திரியில, குறைஞ்ச வால்யூம்ல அதுலதான் கேக்கறேன். ரயிலுக்குப் பழைய துணையே, புது ஃபோம் டிப்போட. வால்யூம் இப்போ பாதிக்கு மேல போறதில்ல.

அந்த ஹாஸ்டல் நண்பனும் இதைப் படிப்பான்னு நினைக்கிறேன். மறுத்து எழுதினா அடுத்த இதழ்ல போட நானே ஆசிரியர் குழுகிட்ட சொல்றேன் மச்சி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் என்கூட எளாவூர் வரைக்கும் ரயில்ல வா. உன் செட்டையும் எடுத்துட்டு வா.