ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கீழ்

நம் தெருவுக்கு நாளிதழ் போடும் பெரியவரின் மிதிவண்டி சென்ற மாதம் களவு போயிற்று. அதிகாலை நான்கரை மணிக்குப் பேருந்து நிலைய வாசலில் கட்டுகளைப் பிரித்து, இணைப்பிதழ்களை உள்ளே செருகிக்கொண்டிருந்த சிறு இடைவெளியில் யாரோ கொண்டுபோய்விட்டார்கள். பூட்டித்தான் வைத்திருந்தார். ஆனால் பின்சக்கரத்தில் பொருத்திய வளையப் பூட்டு சக்கரம் உருளாமல் பார்த்துக்கொள்ளுமே ஒழிய, வண்டியை ஒருவர் தோளில் தூக்கிப்போவதைத் தடுக்காது.

விடிந்ததும் அவரோடு காவல் நிலையத்துக்குச் சென்றோம். அங்கிருந்தவர் மரியாதைக் குறைவாக ஏதும் நடந்துகொள்ளவில்லை. "பில் இருக்கா பெரியவரே?" என்று கேட்டார். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய வண்டிக்கு ரசீது ஏது? "இப்ப வித்தா என்ன போகும்?" என்பது அடுத்த கேள்வி. "ரெண்டாயிரம் தேறும் சார்" என்று பெரியவர் நேர்மையாகச் சொன்னார். அந்த நேர்மையோடு அவருடைய வழக்கு முடிந்தது. ஒரு புத்தகத்தில் விவரம் எழுதிக்கொண்டு, விசாரணை வேண்டுமானால் நீதித்துறை நடுவர் மன்றத்தை அணுகுமாறு சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வழக்கமான தட்டிக்கழித்தல் என்றே முதலில் எண்ணினோம். வீடு திரும்பிச் சட்டத்தைப் புரட்டியபோதுதான், அந்தக் காவலர் சட்டப்படியே நடந்துகொண்டிருக்கிறார் என்பது புரிந்தது. கோபம் அதன் பிறகுதான் வந்தது.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு திருட்டுப் பொருளின் விலையைப் பார்க்கவில்லை. சைக்கிள் ஆனாலும் கார் ஆனாலும் திருட்டு திருட்டுதான். நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் காவல்துறையே வழக்குப் பதிந்து புலனாய்வு செய்யத்தக்க குற்றம். இத்தகைய குற்றம் பற்றிய தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் அறுதியிட்டுச் சொன்னது. நடைமுறையில் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நம்மிடையே ஏராளம். இருப்பினும் வாதாடுவதற்கு ஒரு பிடிமானம் இருந்தது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அந்தப் பிடிமானத்தில் ஒரு கோடு போட்டுவிட்டது. அதன் 303(2) பிரிவின் வரம்பு வாசகம் இதுதான்: களவுபோன பொருளின் மதிப்பு ஐந்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாக இருந்து, குற்றவாளி முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குத் தண்டனை சமூக சேவை மட்டுமே. நல்ல ஏற்பாடுதான். ஆனால் உடன் வந்த நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணை, இந்த வகைத் திருட்டைக் காவல்துறை தானாகப் புலனாய்வு செய்ய முடியாத குற்றங்களின் வரிசையில் வைத்துவிட்டது. அத்தகைய புகார் வந்தால் அதன் சாரத்தை எழுதிக்கொண்டு, வந்தவரை நடுவரிடம் அனுப்ப வேண்டும். நடுவரின் உத்தரவின்றிப் புலனாய்வு கூடாது என்கிறது 174-ஆம் பிரிவு.

இதில் உள்ள விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். திருடியவர் முதன்முறைத் திருடரா, பொருளைத் திருப்பித் தருவாரா என்பதெல்லாம் அவர் பிடிபட்ட பிறகே தெரியவரும். புகார் கொடுக்க வந்து நிற்கும் காலை எட்டு மணிக்குத் தெரிவது பொருளின் விலை ஒன்றுதான். ஆகவே பிடிபட்டவருக்குக் காட்டவேண்டிய கருணை, அவரைப் பிடிக்கவே முயல வேண்டாம் என்பதாக மேசையின் இந்தப் பக்கத்தில் உருமாறிவிடுகிறது. பட்டினியால் திருடியவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டும் என்று நாம் கோரவில்லை. சமூக சேவையை மனமார வரவேற்கிறோம். பறிகொடுத்தவருக்கு ஏன் தண்டனை என்பதே நம் கேள்வி. நடுவர் மன்றத்துக்கு ஒரு நாள் போய்வந்தால் ஒரு நாள் வருமானம் போயிற்று. போக வேண்டிய வண்டியும் இல்லை.

இந்த இடத்தில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' திரைப்படத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1948-இல் விட்டோரியோ டி சிக்கா எடுத்த அந்தப் படத்தைத் தந்தை-மகன் பாசக் கதையாகவே நம்மில் பலர் நினைவில் வைத்திருக்கிறோம். இம்முறை மீண்டும் பார்த்தபோது கண்ணில் பட்டவை வேறு. சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு மிதிவண்டி இருந்தே ஆகவேண்டும் என்பதால் அந்தோனியோ ரிச்சியின் மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து வண்டியை மீட்கிறாள். வேலையின் முதல் நாளே அது களவு போகிறது. காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டு, நீயே தேடிக்கொள் என்னும் பொருள்படப் பேசி அனுப்புகிறார்கள். ரோமும் நம் ஊரும் அந்த மேசை முன்னால் ஒன்றாகிவிடுகின்றன.

அடுத்து வருவது சந்தைக் காட்சி. டயர் தனி, பெல் தனி, சட்டகம் தனி என்று வண்டிகள் பிரித்துக் கிடக்கும் சந்தையில் நண்பர்களுடன் தேடுகிறார் ரிச்சி. ஒருவன் சட்டகம் ஒன்றுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறான். ஐயம் எழ, காவலரை அழைத்து வந்து சட்டகத்தின் எண்ணைப் பார்க்கச் சொல்கிறார். எண் பொருந்தவில்லை, அவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். நம் கவனத்துக்கு உரியது ஒன்றுண்டு. அன்றாடக் கூலிக்கு அலையும் ஓர் ஏழைத் தொழிலாளிக்குத் தன் வண்டியின் எண் தெரிந்திருக்கிறது.

நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இருக்கைக்குக் கீழுள்ள குழாயிலோ, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்பக்கத்திலோ பொறித்திருக்கும் அந்த எண்ணை, நாம் உட்பட, யாரும் குனிந்து பார்த்ததில்லை. பெரியவரும் பார்த்ததில்லை. "பச்சைக் கலர் சார், கேரியர்ல டயர் ரப்பர் சுத்தியிருக்கும்" என்பதே அவர் தரமுடிந்த அடையாளம். பச்சையைக் கறுப்பாக்க அரை மணி நேரம் போதும்.

ஒரு காலத்தில் நம் ஊர்களில் சைக்கிளுக்கு உள்ளாட்சி மன்றங்கள் வரி வாங்கின. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, எண் பொறித்த தகட்டு வில்லையை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாதவர்களும், விளக்கில்லாமல் போகிறவர்களும், டபுள்ஸ் போகிறவர்களும் மடக்கப்பட்ட கதைகளை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். எளியவர்மேல் விழுந்த அந்த வரி ஒழிந்தது நியாயமே. ஆனால் வரியோடு பதிவேடும் போய்விட்டது. மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடைகளும் தம் அளவில் பதிவேடுகளாகவே இருந்தன. மட்கார்டில் கடைப் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு ஓடியவன் பக்கத்து ஊரில்கூட விற்க முடியாது.

ஜப்பானில் 1994 முதல் மிதிவண்டிப் பதிவு சட்டப்படி உரிமையாளரின் கடமை. கடையில் வாங்கும்போதே சிறு கட்டணத்தில் சட்டகத்தில் ஓர் எண் வில்லையை ஒட்டிவிடுகிறார்கள். தெருவில் காவலர் நிறுத்தினால் அந்த எண்ணைக் கேட்டே வண்டி யாருடையது என்று அறிந்துகொள்கிறார். பதிவு இருப்பதால் அங்கே திருட்டு இல்லை என்று சொல்லவரவில்லை. கேட்பாரற்று நிற்கும் வண்டிக்கு உரியவரைத் தேடிப்பிடிக்க ஒரு வழி இருக்கிறது.

நம் மாநிலத்திலோ, அரசே ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மிதிவண்டிகளை மாணவர்களுக்கு வழங்குகிறது. 2022-இல் ஏறத்தாழ 6.35 லட்சம் பேருக்கு ஏறத்தாழ 323 கோடி ரூபாய்ச் செலவில் வழங்கப்பட்டன. வகுத்துப் பார்த்தால் வண்டி ஒன்றுக்கு ஐந்தாயிரத்தைச் சற்றே தாண்டும். அதாவது புத்தம் புதிதாகக் கைக்கு வரும்போது கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நிற்கும் வண்டி, ஒரு மழைக்காலம் கடந்ததும் சட்டத்தின் கண்ணில் சில்லறையாகிவிடும். எட்டுக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு அது படிப்பு. காவல் நிலையத்துக்கு அது ஐந்தாயிரத்துக்குக் கீழ். போதாக்குறைக்கு எல்லாம் ஒரே வார்ப்பு. வழங்கும் நாளில் மாணவியின் பெயருக்கு எதிரே சட்டக எண்ணையும் எழுதி, அந்தப் பட்டியலைக் காவல்துறை தேடிப்பார்க்கும் வகையில் வைப்பதற்குப் பெரும் செலவு ஆகிவிடாது. அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தித் திருட்டு எதுவானாலும் காவல்துறை விசாரிக்கும் என்று ஆக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. எண்ணை எழுதுவது ஒரு தலைமையாசிரியரால் ஆகும்.

கிடைத்த வண்டியை மீட்பதும் இன்னொரு படலம். காவல் நிலைய வளாகங்களில் செடி முளைத்துக் கிடக்கும் சைக்கிள்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கைப்பற்றிய பொருளை இப்படி மட்கவிடக் கூடாது, படம் எடுத்து, பிணைப் பத்திரம் வாங்கிக்கொண்டு விரைவில் உரியவரிடம் ஒப்படையுங்கள் என்று 2002-இலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு இதற்கு நாள் கணக்கே வகுத்திருக்கிறது. பாராட்டத்தக்க மாற்றம், கேட்டுப் பெறுவோர் குறைவு.

நாமும் தேடினோம். பழைய சைக்கிள் கடைகள் நான்கு, காயலான் கடைகள் இரண்டு, மதுக்கடை வாசல், ரயில் நிலைய வண்டி நிறுத்தம். (குடித்தவர்கள் வீடுவரை ஓட்டிப்போய் வழியில் போட்டுவிடுவது உண்டு என்று ஒரு கடைக்காரர் நம்பிக்கை ஊட்டினார்.) இரண்டு வாரம் பெரியவர் நடந்தே நாளிதழ் போட்டார். ஏழரை மணிக்கு வந்த தாளை வேண்டாம் என்று பதினோரு வீடுகள் நிறுத்திவிட்டன. அவற்றுள் ஒன்று, நம்மோடு இலக்கியக் கூட்டங்களுக்கு வருகிறவருடையது.

சென்ற வாரம் அவர் வேறொரு வண்டி வாங்கிவிட்டார். கைமாற்று வண்டி, 2200 ரூபாய், ரசீது கிடையாது. பட்டறிவு வந்துவிட்டபடியால், எண்ணைக் குறித்துக்கொடுக்கலாமே என்று நம் வீட்டு வாசலில் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தோம். அவர் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். பெடல் குழாயின் அடியில், எண் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அரத்தால் தேய்த்த தடம் மட்டும் பளபளத்தது. வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டு வைத்தோம். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.