ஒரு துளைக்கு அஞ்சலாமா?

எனது அலுமாரியின் மேல் நாற்பது ஆண்டுகளாக ஒரு கிற்றார் இருந்தது. 1984 இல் நாட்டைவிட்டுப் புறப்பட்ட நண்பர் ஒருவர், “வரும்வரை வைத்திரு” என்று கூறி என்னிடம் ஒப்படைத்த வாத்தியம் அது. அவர் திரும்பி வரவேயில்லை, கனடாவிலேயே காலமாகிவிட்டார். கடந்த மார்கழியில் அவருடைய மகன் வந்திருந்தார். தந்தையின் கிற்றாரைக் கொண்டுசென்று, குடும்ப ஒன்றுகூடலில் நின்றபடி வாசிக்க வேண்டும் என்பது அவரது ஆசை. ஆனால் தோள்பட்டி மாட்டுவதற்கு அதன் அடிப்புறத்தில் ஒரேயொரு குமிழ்தான் இருந்தது. “மாமா, கழுத்தடியில் ஒரு துளை போடலாமா?” என்று கேட்டார். உடனே மறுத்துவிட்டேன். நான் மறுத்தது தவறு என்பதையே இங்கு சொல்ல வருகிறேன்.

கிற்றாரை அமர்ந்து வாசிப்பதே பழைய மரபு. செவ்வியல் கலைஞர்கள் இன்றும் அதனைத் தொடைமீது வைத்தே வாசிக்கின்றனர். ஆனால் நம் நாட்டில் இந்த வாத்தியம் மக்களிடம் பரவியது நின்று பாடியவர்களால்தான். 1960களில் நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலேரோஸ், கிளரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்ரோன்ஸ் முதலிய குழுக்கள் மேடையேறின. தமிழில் பொப் பாடலுக்கு வழிதிறந்தவர் நித்தி கனகரத்தினம். அப்படியிருந்தும், சந்தைக்கு வரும் ஒலிக்கிற்றார்களில் பல இன்றும் ஒற்றைக் குமிழுடனேயே விற்கப்படுகின்றன. வாங்குபவரோ பட்டியின் மறுமுனையைத் தலைப்பகுதியில், முறுக்காணிகளுக்குக் கீழே, சப்பாத்து நாடாவால் கட்டிக்கொள்கிறார். என் நண்பரும் அவ்வாறே செய்தார்.

இதனால் கழுத்து வளைந்துவிடும் எனச் சிலர் அஞ்சுவர். அந்த அச்சம் மிகையானது. ஆறு எஃகுத் தந்திகளின் இழுவை ஏறத்தாழ 70 கிலோ. அதனைத் தாங்கும் கழுத்துக்கு 2 கிலோ அளவேயான வாத்தியத்தின் பாரம் பெரிதன்று. உண்மையான தொல்லைகள் வேறு. பட்டி இடக்கைக்கு இடையூறாகிறது. நாடா தேய்ந்து அறுந்தால் வாத்தியம் தரையில் விழுகிறது. விழுந்து பிளந்த மரத்துடன் ஒப்பிட்டால் ஒரு சிறு துளை எம்மாத்திரம்?

துளையிடுவதற்கும் ஒழுங்குண்டு. கழுத்து உடலோடு சேரும் தடித்த பகுதியில், மெல்லிய தந்திகளின் பக்கமாக இடத்தைக் குறிக்க வேண்டும். பின்புற மூடியில் குமிழைப் பொருத்தினால் கிற்றார் முன்னோக்கிச் சரியும். கழுத்து உள்ளே ஆணிகளால் பூட்டப்பட்டிருந்தால், அவை இருக்கும் இடத்தை முதலில் அறிந்து விலக வேண்டும். துளை திருகாணியைவிட ஒடுக்கமாக இருத்தல் அவசியம். நேரே முடுக்கினால் மரம் பிளக்கும். திருகாணியின் புரியில் சிறிது மெழுகு தடவி, குமிழுக்கும் மரத்துக்கும் இடையே கம்பளி வளையமொன்றை வைத்து, கையால் முடுக்குவதே நல்லது. அடிப்புறக் குமிழையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பல கிற்றார்களில் அது திருகப்படாமல் வெறுமனே செருகப்பட்டிருக்கும். தளர்ந்திருந்தால் பட்டியோடு கழன்றுவிடும். இவற்றுக்குத் துணிவில்லாதவர்கள் கைதேர்ந்த ஒருவரிடம் கொடுப்பதே சரி.

விற்பனையாளர்களே இரண்டாவது குமிழையும் பொருத்திக் கொடுக்கலாம். அதற்கான செலவு அற்பம். அரிய பழைய கைவேலைப்பாட்டு வாத்தியங்கள் வேறு. துளையால் அவற்றின் விலை குறையலாம். ஆனால் நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அத்தகையன அல்ல.

நான் காத்துவந்தது நண்பரின் நினைவு என்று எண்ணியிருந்தேன். அவர் பாடிக்கொண்டு வாசித்தவர். அலுமாரியின் மேல் வைப்பதற்காக அதை அவர் வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அயலில் உள்ள தச்சரிடம் நானே எடுத்துச் சென்றேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மகன் புதுத் தந்தி பூட்டி, பட்டியைத் தோளில் மாட்டி, முற்றத்தில் நின்று வாசித்தார்.

உங்கள் வீட்டு அலுமாரியின் மேலும் இப்படியொன்று இருக்குமாயின், இறக்கிப் பாருங்கள்.